மனாசஸ் போர்க்களத்தில் ஒரு நடை: ஹென்றி ஹில் சுற்றுப்பாதைக்கு முழுமையான வழிகாட்டி

வாஷிங்டன் வட்டாரத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு 66ஆம் எண் நெடுஞ்சாலை நன்கு பழக்கமான சாலை. இலையுதிர்காலம் வந்தால் ஷெனாண்டோவா மலைகளின் நிறம் பார்க்க அந்த வழியாகத்தான் மேற்கே போகிறோம். போகிற வழியில் சென்டர்வில்லுக்கு அப்பால் 47ஆம் எக்ஸிட் வருகிறது. அதில் இறங்கினால் ஐந்து நிமிடத்துக்குள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரும் போர் நடந்த மேட்டில் நிற்கலாம். 1861 ஜூலை 21 அன்று இங்கே நடந்ததை அறிந்தால், அடுத்த நான்காண்டுகளில் அந்த நாடு எதை நோக்கிப் போனது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த மேட்டைச் சுற்றி வரும் பாதையின் நீளம் ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதல், அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்தே நடக்கலாம். வேகமாக நடப்பவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அப்படி முடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். போர்க்களத்தில் நாம் படிக்க வேண்டியது தரையை. அறிவிப்புப் பலகைகளும் சிலைகளும் பிறகு வந்தவை. மேடும் சரிவும் அன்று இருந்தவை. பல்லாயிரம் பேரின் அன்றைய விதியை இந்த மேட்டின் சில அடி உயர வேறுபாடு தீர்மானித்தது. கார் கண்ணாடி வழியே பார்த்தால் அது கண்ணில் படாது, கால் வைத்தால்தான் பிடிபடும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

போகும் வழியும் நேரமும்

வாஷிங்டனிலிருந்து வருபவர்கள் 47ஆம் எக்ஸிட்டில் இறங்கி, சட்லி ரோடு எனப்படும் 234ஆம் எண் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். ஒரு மைல் போவதற்குள் வலப்புறம் ஹென்றி ஹில் பார்வையாளர் மையத்தின் பெயர்ப்பலகை தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவும் தேவையில்லை. பொதுப் போக்குவரத்தை நம்பி வர முடியாத இடம் இது; கார் வேண்டும். கழிப்பறை பார்வையாளர் மையத்தில்தான் இருக்கிறது, வழியில் எங்கும் கிடையாது. நடக்கத் தொடங்கும் முன் போய்விட்டு வாருங்கள்.

பூங்காவின் திறந்தவெளி விடியலிலிருந்து அந்தி வரை திறந்திருக்கும். இருட்டிய பிறகு காரை அங்கே விட்டு வைக்க அனுமதி இல்லை. மையத்தின் கட்டடம் அதற்கு முன்பே, மாலையிலேயே மூடிவிடும். உள்ளே இருக்கும் படைநகர்வு வரைபடத்தைப் பார்க்க விரும்பினால் காலையில் போவதே நல்லது. போரில் இரண்டு பக்கமும் எங்கிருந்து எங்கே நகர்ந்தன என்பதை அந்த வரைபடம் விளக்குகளை மாற்றி மாற்றி எரித்துக் காட்டும். பிள்ளைகளை அதன் முன் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால், வெளியே போனதும் "இது எந்தப் பக்கத்துப் பீரங்கி?" என்று அவர்களே கேட்பார்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்கள் சிறந்தவை. ஜூலையில் போவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. போர் நடந்தது அந்த மாதத்தில்தான். கம்பளிச் சீருடையும் தோள்பையும் சுமந்து, தண்ணீர் தீர்ந்துபோய், விடியலுக்கு முன்பே நடக்கத் தொடங்கியவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு இந்த மேட்டில் ஏறினார்கள். அந்த வெயில் உங்கள் தோளில் படும்போது பலகையில் எழுதாத ஒன்று புரியும். ஆனால் பாதையின் பெரும்பகுதி மரமே இல்லாத வெட்டவெளி. கோடையில் போவதானால் காலை ஒன்பது மணிக்குள் தொடங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், "நம்ம ஊர் வெயிலை விடவா?" என்று கேட்பார்கள். வர்ஜீனியாவின் ஜூலைப் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததில்லை என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

உண்ணியை அலட்சியப்படுத்தாதீர்கள்

பாதை சுலபமானது என்பதால் செருப்போடும் அரைக்கால் சட்டையோடும் வருபவர்கள் பலர். வர்ஜீனியாவின் புல்வெளிகளில் மான் உண்ணிகள் உண்டு, அவை லைம் நோயைப் பரப்பக்கூடியவை. எள்ளளவே இருக்கும் குட்டி உண்ணி கடித்தால் வலிக்காது. ஆகவே மூடிய ஷூ, வெளிர் நிறத்தில் முழுக்கால் சட்டை, அதன் விளிம்பைச் செருகிக்கொள்ள உயரமான சாக்ஸ் என்று போட்டுக்கொள்ளுங்கள். டீட் கலந்த பூச்சிவிரட்டியைத் தெளித்துக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு. மேட்டின் மீது பாதையோரப் புல்லை வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள். உயரமான புல்லுக்குள் போகாமல் வெட்டிய புல்லிலேயே நடந்தால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும்.

வீடு திரும்பியதும் குளித்துவிட்டு, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற பழைய வைத்தியங்கள் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் தோலில் பரவும் சிவப்பு வட்டமோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக்கடியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். காட்டோரத்தில் மும்மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஐவி கொடியையும் தொடாதீர்கள். தொட்ட இடம் கொப்பளித்துவிடும்.

நடக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

1861 ஏப்ரலில் சம்ட்டர் கோட்டை மீது தென் மாநிலங்கள் குண்டு வீசியதில் போர் தொடங்கியது. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்து போன மாநிலங்கள் தங்கள் தலைநகரை ரிச்மண்டில் அமைத்திருந்தன. வாஷிங்டனிலிருந்து நூறு மைல் தொலைவு. வடக்கின் பத்திரிகைகள் உடனே ரிச்மண்டைப் பிடிக்கச் சொல்லி நெருக்கின. அதிபர் லிங்கன் அழைத்திருந்த தொண்டர்களில் பலர் 90 நாள் பணிக்கு மட்டும் கையெழுத்திட்டவர்கள், அந்தக் கெடு முடியும் தறுவாயில் இருந்தது. ஆகவே இன்னும் பயிற்சி தேவை என்று தயங்கிய ஜெனரல் இர்வின் மெக்டவல் சுமார் 35,000 பேரோடு புறப்பட வேண்டியதாயிற்று.

மனாசஸில் இரண்டு இரயில் பாதைகள் சந்தித்தன. அதனால்தான் தென்படைத் தளபதி பியூரிகார்ட் அங்கே முகாமிட்டிருந்தார். மேற்கே ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் இருந்த ஜோசப் ஜான்ஸ்டன் தன் படையை இரயிலில் ஏற்றி அவருக்கு உதவியாகக் கொண்டுவந்தார். நீங்கள் இன்று காரில் போகும் அதே மலைத்திசையிலிருந்து அவர்கள் வந்தார்கள். போர்க்களத்துக்கு இரயிலில் துணைப்படை வந்து சேர்ந்து முடிவையே மாற்றியது அந்த நாட்டுக்கு அதுவே முதல் அனுபவம்.

21ஆம் தேதி காலை மெக்டவல், புல் ரன் ஓடையின் மேல் இருந்த கல் பாலத்தில் தாக்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பெரும்படையை வடக்கே சுற்றி சட்லி துறை வழியாக அனுப்பினார். தொலைவிலிருந்து அதைக் கண்டுகொண்ட தென்படை சமிக்ஞை அதிகாரி ஒருவர் கொடி அசைத்து எச்சரித்தார். மேத்யூஸ் ஹில்லில் காலைச் சண்டை நடந்தது. தென்படை பின்வாங்கி இந்த ஹென்றி ஹில்லுக்கு ஓடிவந்தது. நண்பகலில் வடபடைக்கு வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கிருந்துதான் நம் நடை தொடங்குகிறது.

முதல் நிறுத்தம்: ரிக்கெட்ஸின் பீரங்கிகள்

மையத்தின் பின்புறம் வந்தால் பரந்த புல்வெளி விரியும். பாதை வடக்கே, அதாவது இடப்புறம், வெள்ளை நிற ஹென்றி வீட்டை நோக்கிப் போகிறது. சிலர் எதிரே தெரியும் குதிரைச் சிலையைப் பார்த்ததும் நேராக அதை நோக்கி நடந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வடபடை நின்ற இடத்தில் தொடங்கி, தென்படை நின்ற இடத்தில் முடிக்க வேண்டும். எதிரியைத் தேடிக்கொண்டு வந்தவர்களின் கண்ணால் முதலில் பார்த்தால்தான், எதிரி எங்கே மறைந்திருந்தார் என்பது பிறகு விளங்கும்.

ஹென்றி வீட்டுக்குச் சற்று முன்னால் பீரங்கி வரிசை ஒன்று நிற்கிறது. கேப்டன் ஜேம்ஸ் ரிக்கெட்ஸின் ஆறு பீரங்கிகள் நின்ற இடம் இது. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் மெக்டவலின் கட்டளைப்படி ரிக்கெட்ஸும் சார்ல்ஸ் கிரிஃபினும் பதினோரு பீரங்கிகளை இந்த மேட்டுக்கு இழுத்து வந்தார்கள். உடன் வரவேண்டிய காலாட்படை முழுமையாக வந்து சேரவில்லை. நீங்கள் ஒரு பீரங்கியின் பின்னால் நின்று கிழக்கே பாருங்கள். சுமார் 300 கெஜ தூரத்தில் இன்னொரு பீரங்கி வரிசை தெரிகிறதல்லவா? அதுதான் எதிரி.

ரிக்கெட்ஸின் பீரங்கிகள் குழாயின் உட்புறம் திருகு வரி வெட்டப்பட்ட புதுவகை. ஒரு மைலுக்கு அப்பாலும் குறி தவறாமல் சுடுவதற்காகச் செய்தவை. எதிரியிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை உட்புறம் வழவழப்பான பழைய வகை. தூரத்துக்குச் சுட ஆகாதவை. வடபடை முன்பு நின்ற தூரத்து மேட்டிலேயே இருந்து சுட்டிருந்தால் மேன்மை அவர்களிடம் இருந்திருக்கும். 300 கெஜத்துக்கு நெருங்கி வந்ததால் அந்த மேன்மை போய்விட்டது. இவ்வளவு அருகில் பழைய பீரங்கியும் புதிய பீரங்கிக்கு இணையாகக் கொல்லும்.

பீரங்கிகளின் மேல் பிள்ளைகளை ஏற்றிப் புகைப்படம் எடுக்க ஆசை வரும். ஏற அனுமதி இல்லை. தொட்டுப் பார்க்கலாம், சக்கரத்தின் உயரத்தோடு பிள்ளையின் உயரத்தை ஒப்பிடலாம். உலோகம் கோடை வெயிலில் கையைச் சுடும்.

ஹென்றி வீடு

இந்தப் பாதையில் என்னை மிகவும் பாதிக்கும் இடம் இது. ஜூடித் ஹென்றிக்கு அன்று 85 வயது. அமெரிக்கக் கடற்படையில் மருத்துவராக இருந்த ஐசக் ஹென்றியின் கைம்பெண். படுத்த படுக்கையாக இருந்தார். சண்டை நெருங்கியபோது பிள்ளைகள் அவரை மெத்தையோடு தூக்கிக்கொண்டு வெளியேற முயன்றார்கள். வெட்டவெளியில் குண்டுகளுக்கு நடுவே போவதைவிட என் வீட்டிலேயே விடுங்கள் என்று அவர் கெஞ்ச, திரும்பக் கொண்டுவந்து அதே அறையில் படுக்கவைத்தார்கள்.

ரிக்கெட்ஸ் பீரங்கிகளை நிறுத்தியதும் வீட்டின் பக்கத்திலிருந்து தென்படைத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டார்கள். அவர் பீரங்கிகளை வீட்டின் பக்கம் திருப்பச் சொன்னார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஜூடித் ஹென்றி கொல்லப்பட்டார். அன்று இந்தக் களத்தில் நடந்த போரில் இறந்த ஒரே பொதுமகள் அவர். அவரது மகள் எல்லன் கணப்படுப்புக்குள் ஒடுங்கி உயிர் தப்பினார். வீட்டில் வேலைக்கு இருந்த கறுப்பினச் சிறுமி லூசி கிரிஃபித் காயமடைந்தாள்.

இப்போது நிற்பது போருக்குப் பின் 1870ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய வீடு. வீட்டின் பக்கத்தில் சிறு வேலிக்குள் ஜூடித்தின் கல்லறை இருக்கிறது. பெரும்பாலோர் வேலியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று, கல்லறையிலிருந்து ரிக்கெட்ஸின் பீரங்கிகளுக்கு உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். அவ்வளவு கிட்டத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள்.

வீட்டின் பின்புறம் செந்நிற மணற்கல்லில் ஒரு கூம்புத் தூண் நிற்கிறது. 1865 ஜூனில், போர் முடிந்த கையோடு வடபடை வீரர்கள் கட்டியது. உள்நாட்டுப் போரின் மிகப் பழைய நினைவுச்சின்னங்களில் ஒன்று. மூலைகளிலும் உச்சியிலும் பீரங்கிக் குண்டுகளை வைத்திருக்கிறார்கள். சிற்பியின் நேர்த்தி எதுவும் அதில் இல்லை. கல்லை எடுத்து அடுக்கியவர்கள் சாவைக் கண்டவர்கள். அதனாலேயே இந்தப் பூங்காவில் உள்ள எல்லாச் சின்னங்களையும்விட இதை நான் மதிக்கிறேன்.

ராபின்சன் வீட்டை நோக்கி

இங்கிருந்து பாதை வடகிழக்கே இறங்குகிறது. கீழே 29ஆம் எண் சாலையின் வாகனச் சத்தம் கேட்கும். அன்று அது வாரண்டன் வண்டிப்பாதை. வடபடை ஏறிவந்ததும் கடைசியில் சிதறி ஓடியதும் அதைச் சுற்றித்தான். சாலைச் சந்திப்பில் தெரியும் கல் கட்டடம் 'ஸ்டோன் ஹவுஸ்'. சத்திரமாக இருந்தது, போரின்போது காயமடைந்தோரைக் கிடத்தும் மருத்துவமனை ஆயிற்று.

கொஞ்சம் நடந்ததும் ஓர் அடித்தளக் கல்வரிசை மட்டும் எஞ்சிய இடம் வரும். ஜேம்ஸ் ராபின்சனின் வீடு இருந்த இடம். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பார்க்க எதுவும் இல்லை என்று நினைத்து. என் கணக்கில் இந்தப் பாதையில் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் இதுதான். ராபின்சன் அடிமையாக அல்லாமல், சுதந்திரமானவராகப் பிறந்த கறுப்பினத்தவர். உழைத்துச் சேர்த்த பணத்தில் 1840இல் இங்கே நிலம் வாங்கினார். ஆனால் அவருடைய மனைவி சூசன் வேறொருவரின் அடிமை. தாய் அடிமையாக இருந்தால் பிள்ளைகளும் அடிமைகள் என்பது அன்றைய சட்டம். சொந்த நிலத்தில் வீடு கட்டியவர், சொந்தப் பிள்ளைகளின் விடுதலையை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

1861இல் அவர் வீடு பெரிய சேதமில்லாமல் தப்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இதே களத்தில் நடந்த இரண்டாம் போரில் வடபடை வீட்டை மருத்துவமனையாக்கியது. விளைச்சலும் சாமான்களும் போயின. போருக்குப் பின் அரசிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பித்து, கேட்டதில் ஒரு பகுதியைப் பெற்றார். தலைமுறைகளாக அந்தக் குடும்பம் இங்கேயே வாழ்ந்தது. பிறகு எடுத்துக் கட்டி நின்ற வீட்டை 1993இல் யாரோ தீ வைத்துக் கொளுத்திவிட்டார்கள். கல்வரிசை மட்டும் மிஞ்சியது அதனால்தான்.

இந்தப் போர் எதற்காக நடந்தது என்று பிள்ளைகள் கேட்டால் இந்தக் கல்வரிசையின் மேல் உட்காராமல் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். குதிரைச் சிலையின் கீழே நின்று சொல்வதற்கு இங்கே சொல்வது பொருத்தம்.

பாதையின் மையம்: தென்படையின் பீரங்கி வரிசை

ராபின்சன் வீட்டிலிருந்து பாதை தெற்கே திரும்பி, காட்டின் விளிம்பை ஒட்டி மெல்ல ஏறுகிறது. கோடையில் கொஞ்சமாவது நிழல் கிடைப்பது இங்கேதான். பிறகு இடது கைப்பக்கம் மரங்களும் வலது கைப்பக்கம் வெட்டவெளியுமாக நீண்ட பீரங்கி வரிசை தொடங்கும். தாமஸ் ஜாக்சனின் படைப்பிரிவு பின்னால் இருக்க, 13 பீரங்கிகள் நின்ற இடம்.

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். குடும்பத்தில் ஒருவரை வலப்புறம், ஹென்றி வீட்டுத் திசையில் நூறடி நடந்துபோய் இந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பீரங்கியின் பக்கத்திலிருந்து பின்னோக்கி, மரங்களை நோக்கி மெல்ல நடங்கள். தரை கால்களின் கீழே நழுவி இறங்குவதை உணர்வீர்கள். சற்றுப் போனதும் குனிந்து, பிறகு புல்லில் படுத்துப் பாருங்கள். எதிரே நிற்பவர் உங்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார், நீங்களும் அவர் பார்வையிலிருந்து மறைந்திருப்பீர்கள். மேட்டின் விளிம்பில் இருக்கும் அந்தச் சிறிய வளைவு போதும்.

ஜாக்சன் செய்தது அதைத்தான். நண்பகல் வாக்கில் இங்கே வந்தவர், எல்லோரும் செய்வதுபோல் மேட்டின் நெற்றியில் போய் நிற்கவில்லை. வர்ஜீனிய ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர், பீரங்கிக் கலை அவருக்குக் கைவந்தது. பின்சரிவில் வீரர்களைப் படுக்கவைத்து, பீரங்கிகளை மட்டும் விளிம்பில் நிறுத்தினார். சுட்ட வேகத்தில் பீரங்கி தானாகவே சரிவில் பின்னே உருளும்; மறைவில் மருந்தும் குண்டும் நிரப்பி மீண்டும் மேலே தள்ளினால் போதும். வடபடையின் குண்டுகளில் பல தலைக்கு மேலே பறந்து காட்டில் விழுந்தன. தென்படையின் குண்டுகளுக்கோ, மேட்டின் நடுவில் மறைவே இல்லாமல் நின்ற ரிக்கெட்ஸின் ஆட்களும் குதிரைகளும் நேர் இலக்கு.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்தப் புல்லில் படுத்துத் தெரிந்துகொள்வது வேறு. பலகையைப் படிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் படுக்க வேண்டாம். பீரங்கியின் பின்னால் பத்தடி போய்க் குனிந்தாலே தெரிந்துவிடும். எழுந்ததும் உடையை உதறி உண்ணி பாருங்கள்.

சிலையும் இரண்டு கற்களும்

வரிசையின் முடிவில் ஜாக்சனின் குதிரைச் சிலை. 1940இல் திறந்தது. மார்பும் தோளும் புடைத்து, மனிதரும் குதிரையும் இயல்புக்கு மீறிய தசைகளோடு நிற்கிறார்கள். இந்தப் பூங்காவில் அதிகம் படமெடுக்கப்படுவது இதுவாகத்தான் இருக்கும். களத்தில் அவர் எடுத்த முடிவு திறமையானது, அதை மறுக்க வேண்டியதில்லை. அந்தத் திறமை அடிமை முறையைக் காக்கும் அரசுக்குச் செலவானது என்பதைச் சிலை சொல்லாது. ராபின்சன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது தானே நினைவுக்கு வரும். இந்த வரிசையில் நடக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிலைக்கு அருகில் தென்படைத் தளபதி பார்னார்ட் பீயின் நினைவுக்கல் இருக்கிறது. சிதறிக்கொண்டிருந்த தன் வீரர்களிடம், ஜாக்சன் கற்சுவர்போல் நிற்கிறார் பாருங்கள் என்று பீ சொன்னதாகவும், அதிலிருந்தே 'ஸ்டோன்வால்' என்ற பட்டம் வந்ததாகவும் வரலாறு. அது புகழ்ச்சியா, அல்லது உதவிக்கு வராமல் சுவர்போல் நிற்கிறாரே என்ற ஆத்திரமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. விளக்கம் கேட்க வழியில்லை. பீ அன்றே படுகாயமடைந்து மறுநாள் இறந்துபோனார். பின்சரிவைப் பார்த்துவிட்டு வந்த உங்களுக்கு ஒரு கருத்து உருவாகியிருக்கும். இன்னொரு கல், ஜார்ஜியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் பார்ட்டோ விழுந்த இடத்தைக் குறிக்கிறது.

கடைசி நிறுத்தம்: கிரிஃபினின் இரண்டு பீரங்கிகள்

சிலையிலிருந்து மையத்துக்குத் திரும்பும்போது, கட்டடத்துக்கு அருகே தனியாக நிற்கும் இரண்டு பீரங்கிகளைத் தவறவிடாதீர்கள். நடை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் பலரும் கடந்துவிடுவது இவற்றைத்தான். ஆனால் போரின் போக்கு திரும்பியது இங்கே.

கிரிஃபின் தன் பீரங்கிகளில் இரண்டை இந்தப் பக்கம் நகர்த்தி, ஜாக்சனின் வரிசையைப் பக்கவாட்டில் சுடத் தொடங்கினார். அருமையான இடம். நேராகப் பார்க்கும் வரிசையைப் பக்கவாட்டில் அடித்தால் ஒரு குண்டு பலரை வீழ்த்தும். அப்போது வலப்புறக் காட்டிலிருந்து நீலச் சீருடையில் ஒரு படை வெளிவந்தது. கிரிஃபின் அவர்களை நோக்கிப் பீரங்கியைத் திருப்பினார். பீரங்கிப்படைத் தலைவர் மேஜர் வில்லியம் பேரி, அவர்கள் நம் ஆட்கள், சுடாதே என்று தடுத்தார். வந்தவர்கள் தென்படையின் 33ஆவது வர்ஜீனியப் படையினர். போரின் தொடக்க மாதங்களில் சீருடை நிறம் ஒழுங்காகவில்லை. தெற்கில் நீலம் உடுத்தவர்களும் உண்டு, வடக்கில் சாம்பல் உடுத்தவர்களும் உண்டு. மிக அருகில் வந்ததும் அவர்கள் ஒருசேரச் சுட்டார்கள். பீரங்கியாட்களும் குதிரைகளும் விழுந்தார்கள், பீரங்கிகள் பறிபோயின.

அடுத்த இரண்டு மணி நேரம் இந்த மேட்டில் பீரங்கிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. வடபடை ஒவ்வொரு ரெஜிமெண்டாக ஏறிவந்து, ஒவ்வொன்றாகத் திரும்பியது. படைத்தலைவர்களில் ஒருவராக வந்த வில்லியம் ஷெர்மனின் ஆட்களும் அப்படித்தான். போர் அமைச்சரின் தம்பி ஜேம்ஸ் கேமரன் இங்கே மாண்டார். ரிக்கெட்ஸ் காயமடைந்து சிறைப்பட்டார். அவர் மனைவி ஃபேனி எதிரியின் எல்லைக்குள் தேடிவந்து, சிறையிலும் உடனிருந்து அவரைப் பேணினார். இரயிலில் வந்திறங்கிய புதிய தென்படையினர் மேற்கே சின் ரிட்ஜ் என்ற மேட்டில் தாக்கியதும் வடபடை முறிந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 900 பேர் இறந்தார்கள்.

கூடையில் உணவோடு வாஷிங்டனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் இந்த மேட்டில் இல்லை. பல மைல் கிழக்கே சென்டர்வில் பக்கம் இருந்தார்கள். தப்பியோடும் படையின் நெரிசலில் அவர்களும் சிக்கினார்கள். நியூயார்க் காங்கிரஸ் உறுப்பினர் ஆல்ஃபிரட் ஈலி சிறைபிடிக்கப்பட்டது உண்மை.

விதிகளும் சில நடைமுறைகளும்

நாயைக் கூட்டிவரலாம், கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். டிரோன் பறக்கவிடவும் உலோகம் தேடும் கருவி கொண்டுவரவும் தடை. தரையில் பழைய குண்டோ பொத்தானோ கண்ணில் பட்டால் எடுக்காமல் மையத்தில் சொல்லுங்கள். எடுப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். குழந்தை வண்டி வறண்ட நாளில் உருளும், மழை பெய்த மறுநாள் புல்லில் சிக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் மையத்தில் விசாரித்துவிட்டு எது வரை போக முடியும் என்று முடிவெடுப்பது நல்லது. ரேஞ்சர்கள் அழைத்துச் செல்லும் நடைப்பயணம் அன்று இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். அதன் பிறகு தனியாக ஒருமுறை சுற்றுங்கள்.

நடக்கும்போது தெரியும் அடிவானத்தையும் கவனியுங்கள். இந்த வெட்டவெளி தானாகக் கிடைத்ததல்ல. 1988இல் பூங்காவின் ஓரத்தில் பெரிய வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்த்ததால் காங்கிரஸ் சட்டம் போட்டு 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. 2023 டிசம்பரில் பூங்காவை ஒட்டிய நிலத்தில் மிகப்பெரிய டேட்டா சென்டர் வளாகத்துக்குக் கவுண்டி ஒப்புதல் அளித்தது, அதை எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டன. அந்தத் துறையில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இந்த வட்டாரத்தில் பலர். ஜாக்சனின் வரிசையிலிருந்து பார்க்கும்போது அடிவானத்தில் கட்டடங்கள் எழுந்தால் இந்தத் தரை பழையபடி பேசுமா என்று நாமும் கேட்க வேண்டும்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால்

பிள்ளைகள் களைக்கவில்லை என்றால் காரில் கல் பாலத்துக்குப் போங்கள். 29ஆம் சாலையில் கிழக்கே சில நிமிடப் பயணம். காலையில் முதல் பீரங்கி முழங்கிய இடம் அது. தென்படையினர் 1862இல் பழைய பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள், இன்றிருப்பது பிறகு கட்டியது. ஆற்றங்கரையோரமாக இன்னொரு சிறிய சுற்றுப்பாதை உண்டு. ஏப்ரலில் போனால் புல் ரன் கரை முழுக்க நீலமணிப் பூக்கள். ஈரமான இடம் என்பதால் ஷூ நனையும்.

வரலாற்றில் ஆர்வம் அதிகமானவர்கள் மேத்யூஸ் ஹில்லுக்குப் போகலாம். மனைவிக்கு எழுதிய கடிதத்தால் இன்றும் நினைக்கப்படும் சல்லிவன் பலூ படுகாயமடைந்தது அந்தக் காலைச் சண்டையில்தான். ஹென்றி ஹில், கல் பாலம், மேத்யூஸ் ஹில் மூன்றையும் இணைத்து நடக்க ஐந்து மைலுக்குச் சற்றுக் கூடுதலான பெரிய சுற்றுப்பாதை இருக்கிறது. அதற்குப் பாதி நாள் வேண்டும். அந்த வழியில் 29ஆம் சாலையையும் 234ஆம் சாலையையும் கடக்க நேரும். வேகமாக வரும் வாகனங்கள் அதிகம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் உள்ள சந்திப்பில் மட்டும் கடந்து செல்லுங்கள். 1862 ஆகஸ்டில் நடந்த இரண்டாம் போரின் களங்களை அதே நாளில் சேர்க்காதீர்கள். பிரானர் பண்ணை, முடிக்கப்படாத இரயில் பாதை, டீப் கட் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு நாள் தேவைப்படும்.